மடிக்காத வளைவு

சண்டைக்காரி என்று அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர். வைத்தவர், காந்தத்தைக் குளிர வைக்கத் திரவ ஹீலியம் ஊற்றும் ஊழியரான அண்ணன். அந்தப் பெயருக்கு அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சும்மா கிடைத்த பெயரா என்ன?

அவள் ஆராய்ந்தது ஒரு கரிமப் படிகத்தை. கருப்பாக, அரிசிக் குருணையைவிடச் சின்னதாக இருக்கும். உள்ளே அடுக்கடுக்காகத் தளங்கள். ஒரே தளத்துக்குள் எலக்ட்ரான்கள் குஷியாக ஓடும். பக்கத்துத் தளத்துக்குத் தாவச் சொன்னால் மூக்கால் அழும். அதைக் கடுங்குளிரில், பெரிய காந்தத்துக்குள் வைத்து மெல்லத் திருப்பினால், சில கோணங்களில் மட்டும் மின்தடை எகிறிவிட்டு இறங்கும். வரைந்தால் மலைத்தொடர் மாதிரி ஒரு வளைவு. எந்தக் கோணத்தில் எந்தச் சிகரம் என்று பார்த்தே எலக்ட்ரான் போகும் பாதையின் வடிவத்தைச் சொல்லிவிடலாம்.

அந்த ஆய்வகத்தில் ஒரு பழக்கம். படிகத்தை வலப்பக்கக் கோடியிலிருந்து நேர் நிலை வரை மட்டும் திருப்பி அளப்பார்கள். இடப்பக்கத்தை யாரும் அளப்பதில்லை. வலப்பக்கத்து வளைவையே கணினியில் மடித்து அந்தப் பக்கம் ஒட்டிவிடுவார்கள். ஹீலியமும் மிச்சம், நேரமும் மிச்சம். அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியருக்குப் பேர் வாங்கித் தந்த பழைய வளைவும் அப்படி மடித்ததுதான்.

ஒருநாள் அவள், எங்கே நிற்க வேண்டும் என்று படிகத்தைத் திருப்பும் மோட்டாருக்குச் சொல்ல மறந்துவிட்டுக் காபி குடிக்கப் போனாள். திரும்பி வந்தால், படிகம் அது பாட்டுக்கு நேர் நிலையைத் தாண்டி இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தவளுக்குக் காபி வாசமெல்லாம் மறந்துபோனது. இடப்பக்கச் சிகரங்கள் நெடுநெடுவென்று நின்றன. வலப்பக்கம் எல்லாம் குட்டை. மடித்தால் ஒன்றோடொன்று பொருந்தாது.

“மோட்டாரை நிறுத்தத் தெரியல, அதுக்கு ஒரு கண்டுபிடிப்பா?” என்று சிரித்தார் பேராசிரியர். “படிகத்தைக் கோணலா ஒட்டியிருப்பேம்மா.”

“கோணலா ஒட்டினா சிகரமெல்லாம் சேர்ந்து ஒரு பக்கமா நகரும் சார். இது இருந்த இடத்துலயே இருக்கு, உயரந்தான் வேற. காந்தப்புலத்தைத் திசை மாத்தியும் பாத்தேன். அப்பவும் இதேதான்.”

“அப்ப திருப்புற கருவியில ஏதோ கோளாறு. ரெண்டு பக்கத்தையும் சராசரி எடுத்துப் போட்டுடு. நாளையோட காந்தம் அடுத்த குழுவுக்குப் போகுது. இருக்கற நேரத்துல வலப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் குளிர்ல அளந்து முடி. ஆய்வேட்டைக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்.”

சராசரியாம்! நெட்டையையும் குட்டையையும் கூட்டி வகுத்தால் ஊரில் இல்லாத ஒருத்தன் அல்லவா கிடைப்பான்? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே ஹீலியம் அண்ணனிடம் போனாள். “அண்ணே, காந்தத்துக்குள்ள இருக்கறதை வெளியே எடுக்கணும். படிகத்தை அரைச்சுற்று மாத்தி ஒட்டப் போறேன். கோளாறு கருவியிலன்னா நெட்டை இடப்பக்கமே நிக்கும். படிகத்தோட குணம்னா வலப்பக்கம் வந்துடும்.”

“உடைஞ்சுதுன்னா?”

அண்ணன் கேட்டதில் நியாயம் இருந்தது. முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை அதிலிருந்து பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். அவசரமாகக் குளிர வைத்தால் விரிசல் விட்டுவிடும். அப்புறம் பேராசிரியர் கேட்ட அளவும் இல்லை, கையெழுத்தும் இல்லை, பட்டமும் இல்லை.

“உடைஞ்சா என் தலையெழுத்து. மடிச்சு மட்டும் தர மாட்டேன்.”

“சரியான சண்டைக்காரிதான்,” என்று அவர் வால்வைத் திருகப் போனார்.

ஒட்டும்போது அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். பசை காய்ந்ததும் அண்ணன் குழந்தைக்குப் பால் ஆற்றுகிற நிதானத்தோடு குளிர வைத்தார். மறுநாள் மதியம் மோட்டார் திரும்பத் தொடங்கியபோது, விஷயம் தெரிந்து பேராசிரியர் விடுவிடுவென்று வந்து நின்றார். “யாரைக் கேட்டு எடுத்தே?” என்றவரின் கண் திரைக்குப் போனது. இடப்பக்கம் குட்டையாக ஊர்ந்து வந்த வளைவு, நேர் நிலையைத் தாண்டியதும் வலப்பக்கத்தில் கிடுகிடுவென்று ஏறியது. அவர் ஒன்றும் அறியாதவர் இல்லை. பார்த்ததுமே புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

“இதைக் கட்டுரையாப் போட்டா என் பழைய வளைவு என்ன ஆகும்?” என்றார்.

“அதுலயும் அளக்காத பாதி இருக்கு சார். அளந்து பாத்துடலாம்.”

“அளக்கறதா? நாலு பேர் முன்னாடி நான் தலைகுனியணுமா?” அவர் குரல் உயர்ந்தது. “அப்படின்னா இதுல என் பேரு இருக்கக் கூடாது. ஆய்வேட்டுல கையெழுத்தும் கிடையாது. யோசிச்சுக்கோ.”

யோசிக்கத்தான் செய்தாள். இத்தனை வருஷப் படிப்பு. பயமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. கணினியில் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்தாள். தலைப்புக்குக் கீழே அவள் பெயரும் அவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் கண் முன்னாலேயே அவருடைய பெயரைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள்.

“எடுத்துட்டேன் சார்,” என்றாள். “வழி விடுறீங்களா? ஹீலியம் தீர்றதுக்குள்ள இன்னொரு தடவை அளக்கணும்.”