அழகு மீன் ஐந்து, உணவு அன்று

1955 மே 1, ஞாயிறு

நேற்று எழுதியதில் ஒரு தவறு. தொட்டியில் ஆறு மீன் என்று எழுதிவிட்டேன். ஐந்துதான். பெரிய ஆண் மீன் கல்லுக்குப் பின்னால் போய் மறுபக்கமாக வெளியே வந்ததை இரண்டாக எண்ணிவிட்டேன். பாடாங் செராய் மாலை வகுப்பில் எங்களை நாட்குறிப்பு எழுதச் சொன்ன ஆசிரியர், கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள் என்றார். கண்ணால் கண்டும் இப்படி ஆகிறது.

மீன்கள் என்னுடையவை அல்ல. எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி தர்மலிங்கம் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொள்ளப் பினாங்கு போயிருக்கிறார். திரும்பி வரும் வரை தொட்டி எங்கள் வீட்டில். அவர் வீடு ஆபீசுக்குப் பக்கத்தில், முள்வேலிக்கு வெளியே. தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயம் வேலிக்கு உள்ளே. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று எங்களைச் சுற்றிப் போட்ட வேலி அது. அதனால் மீன் உள்ளே வரவும் சீட்டு வேண்டியிருந்தது. கேட்டில் காவல் நிற்கும் மாத்தா, அதாவது போலீஸ்காரர், பழனியாண்டி அண்ணன் பத்து நிமிடம் யோசித்து எழுதினார்: "அழகு மீன் ஐந்து. உணவு அன்று."

கிராணி போகும்போது சொன்னது: "கொழந்த, அஞ்சு குடுக்கிறேன், அஞ்சா திருப்பிக் குடு. ஆபீஸ்ல ஒரு நாற்காலி காலியா கெடக்கு. அஞ்சு மீன எண்ணிக் காப்பாத்த முடியாதவன் ஐந்நூறு ஆளுக்குப் பேர் போட்டுச் செக்ரோல் எழுத முடியாது."

நான் இரண்டு வருடமாக ரப்பர்ப் பால் கொட்டகையில் நின்றுகொண்டு நிறுக்கிறேன். எனக்கு அந்த நாற்காலி வேண்டும்.

மே 3, செவ்வாய்

ஒரு மணி நேரம் கவனித்தேன். பெரிய ஆண், மற்ற நான்கையும் நாற்பத்தொரு முறை துரத்தியது. கிராணி அதற்குத் துரை என்று பெயர் வைத்திருக்கிறார். சாம்பல் நிறமாக இருந்த துரை இன்று கறுத்துவிட்டது. தாடைக்குக் கீழே மட்டும் வெள்ளை, துடுப்பு ஓரத்தில் சிவப்பு. மணலை வாயால் அள்ளி அள்ளித் துப்பி, தட்டு அகலத்துக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறது. பள்ளத்துக்குப் பக்கத்தில் எது வந்தாலும் இடி. நான் விரலை வைத்தேன். விரலுக்கும் இடி.

இதை எல்லாரும் ஜப்பான் மீன் என்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் குளங்களில் விட்டதாம். வகுப்பில் கிடந்த ஒரு விவசாய வெளியீட்டில் இதன் ஊர் ஆப்பிரிக்கா என்று போட்டிருந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"ஆப்பிரிக்காவோ ஜப்பானோ, கொழம்புல போட்டா ஒண்ணுதான்" என்றாள்.

அம்மா இன்று வேலைக்குப் பிந்திவிட்டாள். வாயில் பலகாரத்தோடு கேட்டுக்கு ஓடியதால் பழனியாண்டி நிறுத்திவிட்டார். வெளியே போகிற ஒவ்வொருவரும் அவர் முன்னால் ஆ காட்ட வேண்டும். வாயில் எது இருந்தாலும் விழுங்க வேண்டும், இல்லையென்றால் துப்ப வேண்டும். அம்மா விழுங்கினாள். விக்கல் பத்து மணி வரை நிற்கவில்லை என்று என்னிடம் கோபித்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

மே 5, வியாழன்

ஒரு பெண் மீனின் வாலைத் துரை கிழித்துவிட்டது. இப்படியே போனால் ஐந்து நான்காகிவிடும். கோழிக்கூண்டுக் கம்பி வலையை வெட்டித் தொட்டிக்கு நடுவே செருகினேன். நான்கு மீனை ஒரு பக்கமும் துரையை ஒரு பக்கமும் விட்டேன். பள்ளத்தைச் சேர்த்து அளந்ததில் துரைக்குத் தொட்டியில் முக்கால் பங்கு போய்விட்டது.

அம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "அடிக்கிறவன் வெளிய சுத்துறான், அடி வாங்குனதெல்லாம் கம்பிக்குள்ள. யாருகிட்ட கத்துக்கிட்ட?"

அவளுக்கு ஏற்கெனவே சலிப்பு. அடுத்த வீட்டு அழகம்மா பிரசவ லீவில் இருப்பதால் அவளுக்குரிய மர நிரையையும் அம்மாதான் சீவுகிறாள்.

மாலையில் கொசுப்புழு போட்டேன். மூன்று மீன் சாப்பிட்டன. வால் கிழிந்தது சாப்பிடவில்லை.

மே 10, செவ்வாய்

வால் கிழிந்தது ஆறாவது நாளாகச் சாப்பிடவில்லை. தாடை வீங்கியிருக்கிறது. மூலையில் நின்று எதையோ மெல்லுவது போல வாயை அசைக்கிறது. வேலி போட்டதால் வந்த நோயாக இருக்கலாம். என் தவறு. கல்லுப்பு ஒரு கரண்டி போட்டேன். மாற்றமில்லை.

வகுப்புக்குப் போகும் வழியில் மீரா சாகிபு கடையில் நின்றேன். கிராணிக்கு அந்தக் கண்ணாடித் தொட்டியைச் செய்து கொடுத்தவர் அவர்தான். நாட்குறிப்பைத் திறந்து விவரத்தைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஆறு நாளா ஒண்ணும் தின்னல?"

"இல்ல சாகிபு."

"நோன்பு மாசம் தம்பி. நானே விடிஞ்சதுலேருந்து பச்சத் தண்ணி தொடல. ஒம் மீனு தண்ணிக்குள்ளயே இருந்துக்கிட்டு நோன்பு புடிக்குது. அதுதான் கஷ்டம்லா."

"வீக்கம் இருக்கு சாகிபு. செத்துட்டா எனக்கு நாற்காலி இல்ல."

"பெருநாள் வரைக்கும் பாரு" என்றார். "அப்பவும் தின்னலன்னா அது நோன்பு இல்ல."

சிரித்தாரா என்று கவனிக்கத் தவறிவிட்டேன்.

மே 16, திங்கள்

பன்னிரண்டாவது நாள். "சாப்பிடவில்லை" என்று பன்னிரண்டாவது முறையாக எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறது. கிராணி வந்துவிட்டார், நாளைக் காலை கேட்டுக்கு வெளியே நின்று மீனை வாங்கிக்கொள்வார் என்று தகவல். இன்னும் ஒரே ஒரு நாள் அது சாகாமல் இருந்தால் போதும். இப்படி எழுதுவது சரியா என்று தெரியவில்லை. ஆனால் நினைத்தது இதுதான்.

மே 17, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு இரண்டு மண்ணெண்ணெய் டின்களில் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றில் துரை. மற்றதில் நான்கு பெண் மீன்கள். காவடி போல் கம்பில் மாட்டித் தூக்கிக்கொண்டு போனேன். எனக்குப் பின்னால் பால் வெட்டப் போகிறவர்களின் வரிசை, அதில் அம்மாவும். வேலிக்கு அந்தப் பக்கம் கிராணி குடை பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் வயிற்றைத் தாங்கியபடி நின்றார்.

பழனியாண்டி சீட்டை எடுத்தார். "எத்தன?"

"அஞ்சுண்ணே."

டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். "இங்க ஒண்ணு. அங்க நாலு. சரி." சொல்லி நிமிர்ந்தார். அந்த நேரத்தில் வால் கிழிந்த மீன் வாயைத் திறந்தது. தண்ணீரில் ஒரு பிடி ரவையைத் தூவியது போல இருந்தது. ரவைக்குக் கண் இருந்தது. நீந்தியது.

அம்மா வரிசையிலிருந்து வந்து பார்த்தாள். "வீக்கம் இல்லடா. புள்ளைங்கள வாயில வச்சிருந்திருக்கு."

பன்னிரண்டு நாள், பன்னிரண்டு வரி. அத்தனையும் நோய் என்று எழுதியிருக்கிறேன்.

"சீட்டுல அஞ்சு" என்றார் பழனியாண்டி. "இது அஞ்சா?"

"தெரியலண்ணே. எண்ணணும்."

"எண்ணு."

அறுபத்து மூன்று வரை எண்ணினேன். அவரும் எண்ணுவதற்காகக் குனிந்தார். அவருடைய தொப்பி நிழல் தண்ணீரில் விழுந்ததும் அத்தனை குஞ்சும் ஓடித் தாயின் வாய்க்குள் புகுந்துகொண்டன.

"இப்ப அஞ்சுண்ணே" என்றேன்.

நிமிர்ந்தார். வெளிச்சம் விழுந்தது. மறுபடி வாய் திறந்தது.

"இப்ப இல்ல" என்றார்.

இப்படி மூன்று முறை. வரிசையில் யாரோ, "பழனியாண்டி, குனிஞ்சே இருலா. அவன் தாண்டிப் போயிடட்டும்" என்றார்கள்.

பழனியாண்டி சிரிக்கவில்லை. "வாயில இருக்கிறத விழுங்கணும், இல்லன்னா துப்பணும். மனுசனுக்கு ஒரு ரூல், மீனுக்கு ஒரு ரூலா?"

"அழகு மீனுண்ணே."

"பெருசு அழகு. சின்னது சீட்டுல இல்ல. சீட்டுல இல்லாதது சாப்பாடு."

அந்தப் பக்கத்திலிருந்து கிராணி சொன்னார்: "துப்ப வச்சிட்டுத் தாய அனுப்பு கொழந்த. குஞ்சு உள்ளயே கெடக்கட்டும். எனக்கு அஞ்சு வேணும்."

கையை டின்னுக்குள் விட்டேன். அது விலகாமல் நின்றது. பன்னிரண்டு நாள் பட்டினியில் தலை பெரிதாகவும் உடம்பு கத்தி போலவும் ஆகிவிட்டது. பசித்த வாய்க்குள் அத்தனையும் இருந்தும் ஒன்றைக்கூட விழுங்கவில்லை. நாற்காலியை நினைத்தேன். கையை எடுத்துவிட்டேன்.

"முடியல கிராணி."

"அப்ப நாலுதானா?"

அப்போது அழகம்மா நினைவுக்கு வந்தாள். ஒரு மாதமாக அவள் வேலைக்கு வரவில்லை. செக்ரோலில் அவள் பெயரை யாரும் அடிக்கவில்லை. தோட்டத்து ஆள் கணக்கு அவளால் குறையவும் இல்லை. பழனியாண்டியிடம் சீட்டை வாங்கி அதன் பின்புறத்தில் எழுதினேன்:

"மொத்தம் 5. வந்தது 4. பிரசவ லீவு 1."

பழனியாண்டி இரண்டு முறை படித்துவிட்டு வேலிக் கம்பி வழியாக நீட்டினார். கிராணி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கூட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"தேதி போடல" என்றார்.

போட்டேன்.

மூன்று பெண் மீனும் துரையும் வெளியே போயின. வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவராக ஆ காட்டிவிட்டுப் போனார்கள். அம்மா தன் முறை வந்தபோது பழனியாண்டியிடம் வாயை வழக்கத்தைவிடப் பெரிதாகத் திறந்து, "ஒண்ணும் பொறக்கல, பாத்துக்க" என்றாள்.

கிராணி போகும்போது திரும்பினார். "நாளைக்கு ஏழு மணிக்கு ஆபீஸ் வா. வேல உண்டு. நாற்காலி இல்ல. அஞ்சாவது வந்து சேந்தப்புறம் ஒக்காரு. அதுவரைக்கும் நின்னு எழுது."

பழனியாண்டி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். குஞ்சுகள் வேலிக்கு உள்ளே பிறந்தவையாம். உள்ளே பிறந்த எதற்கும் மறுநாளே எண்ணிக்கை கொடுக்க வேண்டுமாம்.

இப்போது தொட்டியில் தாயும் குஞ்சுகளும் மட்டும். கம்பி வலையை எடுத்துவிட்டேன். சற்றுமுன் கொசுப்புழு போட்டேன். சாப்பிடவில்லை. இதை நோய் என்று எழுதவில்லை.

நாளை: ஆறு மணிக்கு, தாய் வாய் திறந்திருக்கும்போது, தொட்டியில் நிழல் விழாமல் குஞ்சுகளை எண்ணி, எண்ணிக்கையைக் கேட்டில் கொடுத்துவிட்டு, ஏழு மணிக்கு ஆபீசில் நிற்க வேண்டும்.