வெள்ளையாக ஒரு தெரு

எங்கள் பழைய தெருவில் யாருக்கும் புற்றுநோய் வருவதில்லை என்றது வரைபடம். எனக்குச் சுருக்கென்றது.

புற்றுநோய்ப் பதிவு அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒவ்வொரு பகுதிக்கும் வீடு, தண்ணீர், படிப்பு, சம்பாத்தியம் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவோம். ஒன்று என்றால் வசதி, ஐந்து என்றால் அன்றாடங்காய்ச்சி. வறுமை கூடக்கூட நோயும் கூடுகிறதா என்று அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. நோய் மிகுந்த இடம் வரைபடத்தில் கறுக்கும். கறுத்த இடத்துக்கு நெஞ்சைப் படமெடுக்கும் இலவச வேன் போகும்.

பேட்டரி உருக்கும் ஆலைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவுக்கு மதிப்பெண் ஐந்து. அது வெள்ளை வெளேரென்று இருந்தது.

"உங்க தெருக்காரங்களுக்கு இரும்பு உடம்பு மேடம்," என்றான் வரைபடம் போடுகிறவன்.

அவனை அறையலாம் போல இருந்தது. இரும்பு உடம்பாம்! லாரி டிரைவர் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். குழாயடியில் ஊர் வம்பெல்லாம் பேசும் 'ரேடியோ' அத்தை, கடைசியில் குரலே இல்லாமல் போனாள். அப்புறம் அம்மா. இவர்களெல்லாம் எங்கே போனார்கள்?

பதிவேட்டில் தேடினேன். டிரைவர் தன் மகன் வீட்டு முகவரியில் இருந்தார். ரேடியோ அத்தை தம்பி வீட்டில். அம்மா என் அடுக்குமாடி வீட்டில், மதிப்பெண் ஒன்றில். நோய் தெரிந்த நாளில் இருந்த முகவரிதான் கணக்கு என்பது விதி. பெரிய ஆஸ்பத்திரியோ தன் வட்டாரத்துக்காரர்களைத்தான் முதலில் பார்க்கும், மற்றவர்கள் மாதக்கணக்கில் தவம் கிடக்க வேண்டும். ரத்த சொந்தம் யாராவது வட்டாரத்துக்குள் இருந்தால் அந்த முகவரி செல்லும். அதனால் இருமல் விடாமல் பிடித்ததும் எங்கள் தெருக்காரர்கள் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். ஆயுசெல்லாம் ஆலைப் புகையைக் குடித்த அம்மா, கணக்கில் பணக்காரியாகச் செத்துப்போயிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது வாசலில் அம்மா நின்றாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்த அதே பிளாஸ்டிக் கூடை கையில்.

"உள்ள வாம்மா," என்றேன். வரவில்லை. இது தன் வீடில்லை என்கிற மாதிரி நின்றாள். மறுநாளும் நின்றாள். பெற்ற தாய்தான், ஆனாலும் பயமாக இருந்தது.

டைரக்டரிடம் போய் மல்லுக்கு நின்றேன். அவர் கெட்டவர் இல்லை.

"விதிய மாத்த என்னால முடியாதும்மா. அந்தத் தெரு அட்ரஸ்ல ஒரே ஒரு கேஸ் காட்டுங்க. வேனுக்கு நான் கையெழுத்து போடறேன்."

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். அம்மாவின் வீட்டில் இன்னும் அவள்தான் இருக்கிறாள். வேனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருமினாள். அம்மாவின் இருமல்.  சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு இருமல் பதில் சொன்னது.

"டைலரம்மா," என்று அக்கா சிரித்தாள். "நாங்க ரெண்டு பேரும் ஜோடி போட்டு இருமறோம். அதுக்கு ஆஸ்பத்திரி வட்டாரத்துல நாதி ஏது? உன் வேன் வரட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து ஏறிக்கறோம்."

"வேனெல்லாம் அப்புறம். நீ இப்பவே கிளம்பு."

மறுநாள் காலை ஆஸ்பத்திரி கவுன்டரில் நின்றோம்.

"அட்ரஸ்?" என்றாள் உள்ளே இருந்தவள்.

அக்கா வாயைத் திறந்தாள். எங்கள் தெருவின் பெயர் அவள் நாக்கு நுனியில் இருந்தது. நான் முந்திக்கொண்டு என் முகவரியைச் சொன்னேன். "என்கூடத்தான் இருக்காங்க. கூடப் பிறந்தவ."

அக்கா வெளியே வந்துதான் கேட்டாள். "தெரு பேர்ல ஒரு கேஸ் வேணும்னியேடி?"

"எனக்கு நீ வேணும்க்கா."



நோய்தான். ஆனால் சீக்கிரமே பார்த்துவிட்டோம், ஆபரேஷன் போதும் என்றார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு அவளுடைய பதிவு என் மேஜைக்கே வந்தது. மதிப்பெண் ஒன்று என்று என் கையால்தான் அடித்தேன். வரைபடத்தில் எங்கள் தெரு வெள்ளையாகவே இருந்தது.

அக்கா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். தேறி வருகிறாள். நான் செருப்பை மாட்டும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"நம்ம தெருவுக்கு வேன் வந்துச்சாடி?"

"வரும்க்கா."

நேற்று அதையே சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன். வாசலில் கூடையோடு அம்மா நின்றாள். பக்கத்தில், கழுத்தில் அளவு நாடா தொங்க, டைலரம்மா நின்றாள்.

டைலரம்மா இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள், எங்கள் தெருவில், இருமிக்கொண்டு.