வீராயி நின்ற சுவர்

ஏழு வருடம் மூடிக் கிடந்தது அந்தக் கலைக்கூடம். கூரை ஒழுகுகிறது என்று மூடினார்கள். பிறகு தரையைப் பெயர்த்தார்கள். பெயர்த்த தரைக்குக் கல் வரவில்லை என்றார்கள். கல் வந்தபோது அதிகாரி மாறிப் போயிருந்தார். ஆசியாடு விளையாட்டுப் போட்டிக்குள் திறந்துவிடுவோம் என்று பேப்பரில்கூடப் போட்டார்கள். ஆசியாடும் வந்தது, கடைகடையாய் யானைக்குட்டி பொம்மை விற்றது, போயிற்று. கலைக்கூடத்து கேட்டில் பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

டில்லியில் இதற்காக வயிறு எரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. அம்சவேணிக்கு எரிந்தது. அவள் புசா ரோட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர். ஈரோட்டுக்காரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து கரோல் பாக்கில் ஒரே மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருப்பவள். அந்தக் கலைக்கூடத்தைக் கட்டிய காலத்தில், மெட்ராஸில் ஓவியம் படித்துவிட்டு வந்த புதிதில், அதன் முகப்பு மண்டபச் சுவர் முழுவதும் அவள் ஒரு படம் எழுதியிருந்தாள். அவள் எழுதிய பெரிய படம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கரும்பலகையில் போட்ட மாம்பழமும் பூச்சாடியும்.

சுவரில் இருந்தது சாமி படமோ ராஜா படமோ இல்லை. அந்தக் கட்டடத்துக்கே கலவை சுமந்த பெண்கள், ஆளுயரத்துக்கு வரிசையாக, தலையில் இருக்கும் சட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்கள். நடுவில் நிற்பவள் வீராயி. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து புருஷனோடு கூலி வேலைக்கு வந்தவள். சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சாரத்தடியில் நிற்க வைத்து அம்சவேணி அந்த முகத்தை வரைந்தாள். "மூஞ்சியக் கொஞ்சம் செவப்பாப் போடுங்க அம்மிணி" என்று வீராயி கெஞ்ச, இவள் முடியவே முடியாது என்று சொல்ல, அந்தச் சண்டையில் பிடித்துக்கொண்ட சிநேகம் இன்னும் விடவில்லை.

வீராயிக்கு வேறு படம் கிடையாது. ஜங்புரா பக்கத்துக் குடிசையில் இருந்துகொண்டு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவளை யார் போட்டோ எடுக்கப் போகிறார்கள்? தீபாவளிக்குத் தீபாவளி புதுப் புடவையோடு வந்து அந்தச் சுவருக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். ஏழு தீபாவளியாக அதுவும் இல்லை.

திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் கலைக்கூடத்து டைரக்டர் மாத்தூர் பள்ளிக்கூடத்துக்கே போன் செய்தார். அதுவரை இவள் எத்தனை தடவை போய் நின்றாலும் மீட்டிங்கில் இருந்த மனிதர் அவர். "மேடம், நீங்கள் அவசியம் வர வேண்டும். மந்திரிஜி திரையை விலக்கப் போவதே உங்கள் சுவரில்தான்" என்றார் இந்தியில்.

அம்சவேணி நம்பினாள். இத்தனை வருடம் டில்லியில் குப்பை கொட்டியும் நம்பினாள் பாருங்கள்! அதை நினைத்து நினைத்துப் பிற்பாடு தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

விழாவுக்கு வீராயியையும் கூட்டிக்கொண்டு போனாள். கேட்டில் நின்ற காவலாளி வீராயியை மேலும் கீழும் பார்த்து, வேலைக்காரர்களுக்குப் பின்பக்க வழி என்றான். "விருந்தாளியே இவங்கதான்" என்று அம்சவேணி இந்தியில் ஒரு சத்தம் போட்டாள். அவன் ஒதுங்கிவிட்டான்.

மண்டபச் சுவரை முழுக்க மறைத்துச் சிவப்பு வெல்வெட் திரை தொங்கியது. மேலே சாமந்திச் சரம். வீராயி புடவையை இழுத்து விட்டுக்கொண்டு தலைமுடியைக் கையாலேயே படிய வாரினாள்.

"எம்மூஞ்சியப் பாக்கவா அம்மிணி மந்திரி வர்றாரு?"

"ஆமாக்கா. உங்களப் பாக்கத்தான்."

மந்திரி தாமதமாக வந்து, மாலைகளை வாங்கி, சாவகாசமாகக் கயிற்றை இழுத்தார். திரை பாதியில் சிக்கிக்கொண்டது. பியூன் ஒருவன் ஓடி வந்து உதறிவிட்டான்.

திரைக்குப் பின்னால் ஒரு சலவைக்கல் இருந்தது. சுவரின் மேல்பாதியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடைத்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்று ஒரு கல்வெட்டு. மந்திரி பெயர் முழ நீளத்துக்கு இருந்தது. அதன் கீழே துணை மந்திரி, செயலாளர், தலைமைப் பொறியாளர். கடைசியில் டைரக்டர் மாத்தூர். படம் எழுதியவள் பெயர் எங்கேயும் இல்லை. பெண்களின் தோளுக்கு மேலே எதுவுமே இல்லை. தூக்கிய கைகள் எல்லாம் முழங்கையோடு கல்லுக்குள் போய் மறைந்தன. முகம் இருந்த இடத்தில் பித்தளைத் திருகாணி.

மந்திரி ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "வாஹ்! இத்தனை தாய்மார்கள் என் பெயரைத் தலையில் தாங்குகிறார்களே!"

எல்லோரும் கை தட்டினார்கள். மாத்தூர் தட்டியது தனியாகக் கேட்டது.

வீராயி தட்டவில்லை. சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். வைத்த சாமானைக் காணாமல் தேடுகிறவள் போல மெதுவாகக் கேட்டாள். "எம்மூஞ்சி எங்கீங்க அம்மிணி?"

அம்சவேணி மாத்தூரைத் தேடிப் போனாள். அவர் சமோசாத் தட்டோடு நின்றார்.

"அது என் படம். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

"மேடம், சுவர் சர்க்காருடையது. மந்திரிஜியின் கல்லை நுழைவாசலில் வைக்காமல் கக்கூஸிலா வைப்பது?"

"அந்தப் பெண்களின் முகத்தில் திருகாணி அடித்திருக்கிறீர்கள்."

"கோபப்படாதீர்கள். பாதிப் படம் அப்படியேதானே இருக்கிறது? மந்திரிஜிக்கே பிடித்துப் போயிற்று." சமோசாவை மென்றுகொண்டே அவர் ஒரு யோசனையும் சொன்னார். "ஒன்று செய்யுங்கள். கல்லைச் சுற்றி ஒரு பூங்கொடி பார்டர் போட்டுக் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் கோலமெல்லாம் போடுவீர்களே, அந்த மாதிரி. ஜோராக இருக்கும்."

அம்சவேணியின் கை ஓங்கத்தான் செய்தது. டீச்சர் கை, எப்படியோ இறங்கிவிட்டது. அந்த ஆளை அறையாமல் விட்டோமே என்று அவள் சாகும்வரை நொந்துகொள்ளலாம், அது வேறு விஷயம்.

மந்திரி உள்ளே கிளம்ப, கூட்டம் அவர் பின்னாலேயே போனது. மண்டபம் காலியானது. திரைக் கம்பியைப் பிடுங்கிய இடத்தில் சுவர் பெயர்ந்திருந்ததால் ஒரு கூலியாள் வாளியில் சுண்ணாம்பும் அதை அடிக்கிற மட்டை இரண்டும் கொண்டுவந்து வைத்தான். அம்சவேணி நேரே போய் ஒரு மட்டையை எடுத்து வாளியில் முக்கினாள். "மேம்சாப்?" என்று அவன் விழித்தான்.

"ஜாவ் பையா, சாய் குடிச்சிட்டு வா" என்றாள்.

வீராயி பக்கத்தில் வந்தாள். "என்னங்க பண்றீங்க?"

"இவங்க ஒருத்தரும் அந்தாளு பேரச் சொமக்க வேண்டாம்க்கா. முழுக்க அழிச்சுப்போடறேன்."

மட்டையை ஓங்கிவிட்டாள். எதிரே வீராயியின் தோள். பழுப்பும் காவியும் கலந்து, நிறம் சரியாக வராமல் மூன்று நாள் அழுது கொண்டுவந்த தோள். சுண்ணாம்பு அவள் புடவையில் சொட்டிக்கொண்டே இருந்தது. கை சுவரைத் தொடவில்லை.

வீராயி அவளைப் பார்த்தாள். தலையில்லாத தன் உடம்பைப் பார்த்தாள். அம்சவேணியின் விரல்களைப் பிரித்து மட்டையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"வெலகுங்க அம்மிணி. உங்களால ஆகாது. என்னைய நானே அழிச்சுக்கறேன்."

பழக்கப்பட்ட கை. இரண்டு இழுப்பில் தோள் போயிற்று. அடுத்த இழுப்பில் இடுப்பு, அதன் பிறகு கொசுவம், கால். ஒரு சொட்டு கல்லின் மேல் படவில்லை.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மாத்தூர் ஓட்டமும் நடையுமாக வந்தார். "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று கத்தினார். ஆத்திரத்தில் அவருக்கு இந்தி மறந்து இங்கிலீஷ் கொட்டியது. இது ஒரு கலைப்படைப்பு, தேசத்தின் சொத்து, மதிப்பிட முடியாதது, போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். அந்தச் சுவரைக் கலை என்று அவர் வாயால் சொல்லி அம்சவேணி கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்னங்கறாரு?" என்றாள் வீராயி, கையை நிறுத்தாமல்.

"இது வெலமதிக்க முடியாத படமாம்க்கா."

வீராயி மட்டையை வாளியில் முக்கி எடுத்தாள். "மூஞ்சிய மூடறப்பத் தெரியலீங்களாமா?" என்று கேட்டுவிட்டு, சுவரில் அடுத்து நின்றவளின் தோளில் சுண்ணாம்பை இழுத்தாள்.