ஜோதியின் சீட்டுகள்

ஜெர்மானிய மொழிகளில் 'குடி' என்ற வினைச்சொல் வந்த வழியை ஆராய, மதுவிலக்கு அமலில் இருந்த ஊரில் ஞானஜோதி இரண்டு வருடம் உழைத்தாள். ஆங்கிலத்தில் டிரிங்க், ஜெர்மனில் டிரிங்கென், ஐஸ்லாந்து மொழியில் டிரெக்கா என்று வடிவத்துக்கு ஒரு சீட்டு. நானூறுக்கு மேல் இருக்கும். அறுபத்தெட்டு மார்ச்சில் காய்ச்சலில் போய்விட்டாள். சீட்டுகள் செருப்புப் பெட்டியில் கிடந்தன.

ஜூலையில், ஜோதியின் புரொபசரிடமே அந்த ஆராய்ச்சியை முடிக்கவேண்டிய மாணவி அமலராணி பெட்டியை வாங்கிப்போக மேற்குத் தாம்பரம் வீட்டுக்கு வந்தாள். ஜோதியின் கணவன் வில்பிரட் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"என்ன ஆராய்ச்சின்னு சர்ச்சுல கேட்டாங்க சார். குடிக்கிறதைப் பத்தின்னேன். எங்கம்மா ஒரு வாரம் பேசல," என்று சிரித்தபடி அவள் சீட்டுகளைப் புரட்டினாள். சிரிப்பு நின்றது.

"வரிசையே இல்லையே சார். ஆயிரம் வருஷப் பழசுக்குப் பக்கத்துல இன்னைக்குப் பேசற டச்சு. எதுலேருந்து எது வந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்க? இதைப் பார்த்தா ஜோதி அக்காவுக்கு அடுக்கவே தெரியலைன்னு புரொபசர் சொல்லுவாரு."

வில்பிரட் நின்றான். நான்கு மாதமாகக் கல்லூரியிலிருந்து வந்ததும் சீட்டுகளைத் தரையில் பரப்பி, பார்த்துவிட்டு, கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டவன் அவன். மாலையில் வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அவ சரியாத்தான் வெச்சிருந்தா. கலைச்சது நான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அமலராணி பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். "அப்ப ஒக்காருங்க சார். நீங்க படிங்க, நான் அடுக்கறேன்."

அவன் உட்கார்ந்து முதல் சீட்டை எடுத்தான். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.