இருபது கிலோ

தீர்ந்துவிட்டது என்று சொன்னால் கணவன் நம்புவான். போன வாரமும் நம்பினான். அவனே பஸ் ஏறி வந்து பார்த்தால்தானே தெரியும். வரமாட்டான். இந்த ஸ்பெயின் ஊருக்கு வந்து பதினாறு வருஷத்தில் இந்தக் கடைக்குள் அவன் கால் வைத்தது இரண்டு முறை, இரண்டு முறையும் விலையைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

பெவர்லி குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தாள். உள்ளே இங்கிலாந்திலிருந்து வந்த பேக்கன், உப்பில் ஊறிய பன்றித் துண்டுகள், பாக்கெட் பாக்கெட்டாக அடுக்கியிருந்தன. எதுவும் தீரவில்லை. ஆறு துண்டு, ஐந்து யூரோ அறுபது. கிறிஸ்துமஸுக்கு முன் நாலு தொண்ணூறாக இருந்தது. பக்கத்தில் செடார் சீஸ், பன்றி சாசேஜ், கிழவர்கள் காலையில் ரொட்டியில் தடவும் கறுப்புப் பசை. எல்லாவற்றின் மீதும் கடைக்காரி மாண்டியின் கையெழுத்தில் புது விலை ஒட்டியிருந்தது. மாதாமாதம் பவுண்டில் வரும் பென்ஷன் இங்கே யூரோவாக மாறும்போது, சலவையில் போட்ட கம்பளிச் சட்டை மாதிரி சுருங்கித்தான் வெளியே வரும். பெவர்லி கதவை மூடினாள். குளிர் பட்ட விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டு, தேதி முடிந்த சாமான்கள் கிடக்கும் கூடைக்குப் போனாள். பாதி விலை. ஒரு டப்பா கிரேவித் தூள், நசுங்கிய மூலையோடு ஒரு பெட்டி டீ.

"என்ன கண்ணு, இன்னிக்கும் குப்பைக் கூடைதானா?" என்றாள் மாண்டி, பில் போட்டுக்கொண்டே. "இதத் தின்னு நார்மனுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட வரக் கூடாது."

"அவ்வளவு சீக்கிரம் போற ஆள் இல்ல அது."

மாண்டி சிரித்தாள். பெவர்லியும் சிரித்தாள். சொன்னது வேடிக்கைக்குத்தானா என்று பஸ் நிறுத்தம் வரை யோசித்துக்கொண்டே நடந்தாள்.

கடை இருக்கும் கடற்கரையிலிருந்து அவர்கள் வீடு இருக்கும் மேட்டுக்கு பஸ்ஸில் நாற்பது நிமிஷம். கீழே தங்க வசதி இல்லாதவர்கள்தான் மேலே வீடு வாங்கினார்கள். வாங்கும்போது மலைக்காற்று என்று சொல்லிக்கொண்டார்கள். ஊர்க் கசாப்புக் கடைக்காரி நல்லவள். கேட்ட கனத்தில் பன்றி விலாவை வெட்டித் தருவாள், மாண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஒருமுறை பெவர்லி அதை வாங்கி, உப்பும் சர்க்கரையும் தடவி ஐந்து நாள் ஊறவைத்து, மெல்லியதாக அரிந்து பொரித்து வைத்தாள். நார்மன் ஒரு வாய் மென்றான். "இது பன்னி, பெவ். பேக்கன் இல்ல," என்று தட்டைத் தள்ளினான். தள்ளிய தட்டைச் சமையலறைக்குக் கொண்டுபோய், நின்றபடியே முழுவதையும் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது. அவளுக்குப் பிடித்தவை எல்லாம் இப்படி நின்றபடி தின்பவையாக மாறிப்போயிருந்தன. பதினோரு மணிக்கு அவன் இங்கிலீஷ்காரர்கள் கூடும் கிளப்புக்குப் போன பிறகு, பழுத்த தக்காளியைத் தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டி, ஊறவைத்த ஆலிவ். அவன் திரும்புவதற்குள் தட்டைக் கழுவிவிடுவாள்.

பஸ்ஸில் உட்காரும்போதெல்லாம் அந்தத் தபால் உறைகள் நினைவுக்கு வரும். ஐரோப்பாவோடு இருப்பதா பிரிவதா என்று பிரிட்டனில் ஓட்டு நடந்த வருஷம், இருவருக்கும் ஆளுக்கொரு ஓட்டுச் சீட்டு உறை வந்தது. நார்மன் சாப்பாட்டு மேஜையிலேயே பிரிவதற்குக் குறி போட்டான். நமக்கென்ன, நாம்தான் இங்கே வந்துவிட்டோமே, நம்மை யார் என்ன செய்யப்போகிறார்கள் என்றான். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அடுப்பில் உருளைக்கிழங்கு இருந்தது. அவன் போட்ட இடத்திலேயே தானும் போட்டாள். வெயிலில் தபால் நிலையம் வரை நடந்து இரண்டு உறைகளையும் தன் கையாலேயே போட்டாள். அவன் கட்டாயப்படுத்தியிருந்தால் இன்றைக்கு அவனை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். அவன் கேட்கக்கூட இல்லை. இங்கிலாந்தில் டெர்பியில் இருக்கும் மகள் லின்ட்சி விஷயம் தெரிந்ததும் ஃபோனில் ஒரே கேள்விதான் கேட்டாள், "நீயுமாம்மா?"

எண்ணிப் பார்த்தால் ஒவ்வொன்றாகத்தான் போனது. முதலில் பவுண்டின் மதிப்பு. பிறகு லின்ட்சி கிறிஸ்துமஸுக்கு அனுப்பும் பார்சல். கடைசியில், இறைச்சியும் பாலில் செய்ததும் பெட்டியில்கூடக் கொண்டுவரக் கூடாது என்ற விதி. எல்லாம் ஸ்பெயின்காரர்கள் பழிவாங்குவது என்பான் நார்மன். கிளப்பில் அப்படிச் சொல்லிச் சொல்லி அவனுக்கே அது உண்மையாகிவிட்டது.

விதி வந்த பிறகும் அவன் விடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் லின்ட்சி குழந்தையோடு வந்தபோது விமானத்தில் இருபது கிலோ பெட்டிக்குத் தானே பணம் கட்டி, ஒரு பட்டியலும் அனுப்பினான். சொல்லிப் பார்த்தாள் பெவர்லி. ஒரே ஒரு முறை, அதுவும் மெதுவாக. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தார்கள். பேக்கன், சாசேஜ், சீஸ் எல்லாவற்றையும் இரும்பு மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். பேத்தி ஐவிக்கு அப்போது இரண்டு வயது. பெட்டியில் சாமானுக்கு இடம் வேண்டுமென்று அவளுக்கு இரண்டே மாற்றுத்துணிதான் எடுத்து வந்திருந்தார்கள், அதில் ஒன்றை அந்த வரிசையிலேயே நனைத்துவிட்டாள். ஒன்றரை மணி நேரம் கழித்து, ஈரக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே வந்த மகளைப் பார்த்து நார்மன் கேட்ட முதல் வார்த்தை, "பேக்கன் எங்க?"

லின்ட்சி அன்று சண்டை போடவில்லை. கிளம்பும் நாளில், பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் வந்து, "இந்த வீட்டுக்கு வந்தது நானா, என் பெட்டியாம்மா?" என்று கேட்டாள். அதன் பிறகு இரண்டு வருஷம் அவள் வரவில்லை. அப்பாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதும் இல்லை.

போன புதன்கிழமை அவளே கூப்பிட்டாள். ஈஸ்டருக்கு நாலு நாள் வருகிறாள். பெரிய பெட்டி இல்லை, இருக்கைக்கு அடியில் வைக்கும் சின்னப் பை மட்டும். "ஐவிக்கு உன் முகமே ஞாபகம் இல்லம்மா. ஃபோட்டோவக் காட்டினா யாருன்னு கேக்குறா. அதுக்காகத்தான் வரேன், வேற எதுக்கும் இல்ல." கடைசி வார்த்தைகளை லின்ட்சி கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். இன்னொரு முறை பட்டியல் வந்தால் டிக்கெட்டைக் கிழித்துவிடுவாள் என்று பெவர்லிக்குத் தெரிந்தது. அவள் மகள் அவளைப் போல இல்லை, சொல்லாமலே செய்துவிடுகிறவள்.

வீட்டுக்கு வந்தபோது நார்மன் மேஜையில் உட்கார்ந்து, மின்சாரக் கட்டண உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தான். பேக்கன் இல்லை, தீர்ந்துவிட்டதாம் என்று அவள் சொன்னதும், வழக்கமாக முகம் சுளிப்பவன் இன்று தலையை மட்டும் ஆட்டினான்.

"அந்தத் திருட்டுக் கடைக்கு இனி நீ போகவே வேணாம்," என்றான்.

கிளப்பில் யாரோ சொன்னார்களாம். குழந்தையோடு வருகிறவர்களைப் பண்டிகைக் கூட்டத்தில் நிறுத்தவே மாட்டார்களாம். போன தடவை லின்ட்சி முழித்த முழியில்தான் மாட்டிக்கொண்டாளாம். இந்த முறை குழந்தையின் துணிக்கு நடுவில் சுருட்டி வைத்தால் ஒரு பயலுக்கும் தெரியாது. இருபது கிலோ பெட்டிக்கு இவனே பணம் கட்டிவிடுவான். கட்டினாலும் மாண்டி விலையோடு பார்த்தால் லாபம்தான். உறையை அவள் பக்கம் திருப்பினான். பெரிய எழுத்துகளில், பேக்கன் எட்டு பாக்கெட் என்று தொடங்கி இருபத்தோரு வரி இருந்தது. ஐவியின் பெயர் எங்கும் இல்லை. இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடியதுதான் பெவர்லிக்கு வெட்கமாக இருந்தது.

அவள் பையை வைத்துவிட்டு, தொட்டியில் தண்ணீர் பிடித்து உருளைக்கிழங்கைப் போட்டாள். நார்மன் அவள் பையிலிருந்தே அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றான்.

"நான் போட்டா அவ எடுக்க மாட்டா. உன் நம்பர்னா எடுப்பா. நீ சொன்னா கேப்பா பெவ், அம்மா சொன்னா தட்ட மாட்டா. ரெண்டு நிமிஷ வேலை."

இந்த நாற்பத்தைந்து வருஷமும் எல்லாமே இரண்டு நிமிஷ வேலைகள்தான் என்று அவள் நினைத்தாள். சம்மதிக்கும்போது இரண்டு நிமிஷம். தபால் பெட்டியில் உறையைப் போட அதுகூட ஆகவில்லை. தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கிழங்கின் தோலில் ஒட்டியிருந்த மண் மட்டும் தண்ணீரில் கரைந்து புகையாகப் போனது.

"நான் கேக்கல," என்றாள்.

"என்ன?"

"லின்ட்சிகிட்ட நான் கேக்க மாட்டேன், நார்மன்."

அவள் குரல் உயரவில்லை. அதனால்தானோ என்னவோ, அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கைகள் ஈரம் என்று சொல்கிறாள் என நினைத்தவனைப் போல, அவனே எண்ணைத் தேடி அழுத்தி, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்து, அவள் முகத்துக்குப் பக்கத்தில் ஃபோனை நீட்டினான். மறு கையில் உறை. டெர்பியில் மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"அம்மா?"

பெவர்லி கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. பதில் சொல்லிவிட்டால் ஃபோனை வாங்க வேண்டியிருக்கும். வாங்கிவிட்டால் உறையும் கூடவே வரும். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். "அம்மா, கேக்குதா?" என்றது குரல். பின்னால் எங்கோ ஒரு குழந்தை எதையோ எண்ணிக்கொண்டிருந்தது, ஏழுக்குப் பிறகு ஒன்பது என்றது.

நார்மன் ஃபோனை இன்னும் கொஞ்சம் நீட்டினான். பெவர்லி தலையை மட்டும், இல்லை என்று ஆட்டினாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் கிழங்கைத் தேய்த்தாள். கடைசியில் ஃபோனைத் தன் வாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நான்தான். அப்பா."

அவன் உறையைப் பார்த்தான். உறையின் ஓரத்தை அவன் கட்டைவிரல் மடித்தது, பிரித்தது, மறுபடி மடித்தது.

"அங்க," என்றான் நார்மன், "அங்க மழையா?"