யானை தும்மும் வரை

அலுவலகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். நான் அறையை விட்டுப் போனதும் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. தொலைக்காட்சி நிலையத்தில் பத்தொன்பது வருடமாகக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஒளிபரப்பாகப்போகிற எதுவும் முதலில் என் மேசைக்கு வர வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். படம் நடுங்குகிறதா, சத்தம் விட்டுப்போகிறதா, நிறம் வெளுத்திருக்கிறதா என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு சோப்பு விளம்பரம்கூட வெளியே போனதில்லை.

அந்தச் சீட்டின் அடியில் ஒரு விதி அச்சடித்திருக்கும். அரை விநாடிக்கு மேல் அசையாமல் நிற்கும் படம் பழுது, வெட்டி நீக்கவும். அதை எழுதியது வேறு யாருமில்லை, நான்தான். ஒருமுறை இயந்திரம் சிக்கிக்கொண்டு, செய்தி வாசிப்பவர் வாயை அரைகுறையாகத் திறந்தபடி மூன்று நிமிடம் ஊர் முழுக்கத் தெரிந்தார். பாவம், ஒரு வாரம் அவர் வேலைக்கே வரவில்லை. அந்த ஆத்திரத்தில் எழுதினேன். அதே ஆத்திரத்தில், கட்டுப்பாட்டு அறையிலும் ஓர் ஏற்பாடு செய்யவைத்தேன். படமும் சத்தமும் சேர்ந்தாற்போல் இரண்டு விநாடி நின்றால், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை தானாகத் திரையில் வந்துவிடும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை.

பழைய படச்சுருள்களையெல்லாம் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்த சமயம். ஒரு நசுங்கிய டப்பாவிலிருந்து ஏழு நிமிடக் கார்ட்டூன் ஒன்று வந்தது. படத்தின் பெயர் வரும் தொடக்கப் பகுதி போயிருந்தது. சுருள் பழசாகிப் புளித்து நாறியது. ஒரே ஒருமுறை ஓடிவிட்டுப் பொடிப்பொடியாக உதிர்ந்துபோனது. கணினியில் ஏறிய பிரதிதான் மிச்சம்.

காட்டில் ஒரு சிங்கம். மதியம் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் தூங்க வருகிறது. படுக்கும் முன் ஒரே ஒரு கர்ஜனை. சத்தம் போட்டால் தொலைத்துவிடுவேன் என்று அர்த்தம். அப்புறம் காடே நுனிக்காலில் நடக்கிறது. நீர்யானை நுனிக்காலில் நடப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இருமல் வந்த ஒட்டகச்சிவிங்கி தன் கழுத்தில் தானே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. மரத்திலிருந்து விழும் பழங்களைத் தரையில் படுவதற்குள் குரங்கு பிடிக்கிறது. கை இரண்டும் நிறைந்து, கால், வால், வாய் எல்லாம் நிறைந்த பிறகு இன்னொரு பழம் விழுகிறது.

அப்போது யானைக்குத் தும்மல் வருகிறது. எல்லோரும் பாய்கிறார்கள். குரங்கு தும்பிக்கையில் தேங்காயை அடைக்கிறது, நீர்யானை யானையின் மேலேயே உட்காருகிறது. யானை பலூன்போல ஊதிக்கொண்டே போகிறது. சிங்கத்தின் ஒரு கண் மெல்லத் திறக்கிறது.

எல்லாம் நின்றுவிடுகிறது. இசை இல்லை. ஓர் இலை அசையவில்லை. நாலரை விநாடி, நூற்றுப் பன்னிரண்டு ஃப்ரேம், ஒன்றுமே நடக்கவில்லை.

பிறகு கண் மூடுகிறது. யானைக்குத் தும்மல் அடங்கிவிட்டது. எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள், நீர்யானை இறங்கி யானையின் முதுகைத் தட்டிக்கொடுக்கிறது. அப்போது தும்முகிறது பாருங்கள்! மரம், பழம், குரங்கு, மலை எல்லாம் பறக்கிறது. யானை கண்ணைத் திறந்தால் வெறும் பொட்டல் காடு. தூரத்து வானத்திலிருந்து ஒரு மரக்கிளையில் தொங்கியபடி சிங்கம் இறங்கி வருகிறது. இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது.

நான் சுழல் நாற்காலியிலிருந்து கீழே விழுந்துவிட்டேன். மிகைப்படுத்தவில்லை, முழங்கை சிராய்த்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த மேசையில் நான் சிரித்தது அன்றுதான்.

விழுந்தவள் எழுந்து என்ன செய்தேன்? வேலையைச் செய்தேன். சோதனை இயந்திரம் ‘அசையாத படம், பதினோரு இடம்’ என்று பட்டியல் கொடுத்தது. என் கை பழக்கதோஷத்தில் பதினோரு இடத்தையும் வெட்டியது. நாலரை விநாடி அரை விநாடியானது. சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒப்பனைக்கார அக்காவைக் கூப்பிட்டேன். அந்த அக்கா வானிலை அறிக்கைக்கே சிரிப்பவர். கையில் பவுடர் டப்பாவோடு நின்றபடி முழுவதும் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

“யானைக்கு ஜலதோஷமாம்மா?” என்றார். “பாவம், மாத்திரை கொடுத்திருக்கலாம்.”

கணினியில் அப்படியே இருந்த வெட்டாத பிரதியைப் போட்டுக் காட்டினேன். எல்லாம் நின்ற இடத்தில் அவரும் மூச்சுவிடாமல் நின்றார். தும்மல் வந்ததும் பவுடர் டப்பா கீழே விழுந்தது, அக்கா சுவரில் சாய்ந்து அழுதார். சிரித்து அழுதார். நான் வெட்டி எறிந்தது எது என்று அப்போதுதான் உறைத்தது. அந்தப் படத்தைச் செய்தவர்கள், யாரோ, எங்கேயோ, அத்தனை பேரையும் நாலரை விநாடி சும்மா நிற்கவைக்கத் துணிந்திருக்கிறார்கள். நான் அதைப் பழுது என்று எழுதியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

மேலாளரின் அறைக்குப் போனேன். வந்து நாலு மாதம் ஆகியிருந்தது அவருக்கு. மேசையில் ஒரு தூசு இருக்காது.

“சார், அந்தக் கார்ட்டூனை வெட்டாமப் போடணும். நான் வெட்டினது தப்பு.”

“விதி என்ன சொல்லுது மேடம்?”

“விதிதான் தப்பு.”

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். பழைய தாள். கீழே என் கையெழுத்து, அந்தக் காலத்துச் சுழியோடு. “இது யார் எழுதினது?”

“நான்தான். தெரியாம எழுதிட்டேன்.”

“ஒரு பொம்மைப் படத்துக்காக விதியை மாத்தினா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. வெட்டினது சனிக்கிழமை நாலு மணிக்குப் போகட்டும். வெட்டாததை ஆறு மணிக்கு மத்த குப்பையோட சேர்த்து அழிச்சிருவாங்க. கணினில இடம் இல்ல.”

“அது குப்பை இல்ல சார்.”

“விழறது, உருள்றது, தும்மறது. இதுல என்ன மேடம் இருக்கு?” என்றவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்குக் கிடங்குக்கு மாற்றல் வேணும்னா சொல்லுங்க. அந்த நாற்காலிக்கு ஆள் இருக்கு.”

மரியாதையாகச் சொல்லப்பட்ட மிரட்டல். நான் என் மேசைக்கே திரும்பி வந்துவிட்டேன். என் நாற்காலி எனக்கு வேண்டும். வேறு வேலை எனக்குத் தெரியாது. என் கண் ஒன்றுதான் என் படிப்பு, பட்டம் எல்லாம். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், பல் தேய்க்கும்போது வேறொரு விதி ஞாபகம் வந்தது. ஒளிபரப்பான பிரதியைப் பத்து வருடத்துக்கு அழிக்கக் கூடாது. அது நான் எழுதியதல்ல, எனக்கும் முன்னால் யாரோ புண்ணியவான் எழுதியது. நாலு மணிக்கு எது திரைக்குப் போகிறதோ அது பிழைக்கும்.

சனிக்கிழமை மூன்றரைக்குப் பழைய சீட்டைக் கிழித்தேன். வெட்டாத பிரதிக்குப் புதுச் சீட்டு எழுதினேன். பழுது என்ற இடத்தில் ‘ஏதுமில்லை’ என்று எழுதி, அடியில் அச்சடித்திருந்த என் விதியைக் குறுக்கே அடித்துக் கையெழுத்துப் போட்டேன். கட்டுப்பாட்டு அறையில் வேலையிலிருந்த அண்ணன் சீட்டைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உன் கையெழுத்து இருக்கு, போட்டுடறேன். ஆனா இது நடுவுல நிக்குமே. ரெண்டு விநாடில அட்டை வந்துடுமேம்மா.”

“அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடிச்சா வராதுல்லண்ணே?”

“அதை அழுத்தினா என் தலை போயிடும்.”

“நான் அழுத்தறேன்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்குப் படத்தை ஓடவிட்டார். பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “எனக்குத் தாகமா இருக்கு. தண்ணி குடிச்சிட்டு வர எட்டு நிமிஷம் ஆகும்.”

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். சிங்கம் படுத்தது. நீர்யானை நுனிக்காலில் போனது. ஒட்டகச்சிவிங்கி முடிச்சுப் போட்டுக்கொண்டபோது கதவு படீரென்று திறந்தது. மேலாளர். தன் அறைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். அந்த முடிச்சு வெட்டிய பிரதியில் பாதிதான் இருக்கும். ஆளைக் குறைத்துத்தான் எடைபோட்டுவிட்டேன், அவருக்கும் கண் இருந்தது.

“எழுந்திருங்க மேடம்.”

“இன்னும் ஒரு நிமிஷம் சார்.”

“எழுந்திருங்கன்னு சொல்றேன்!”

குரங்கு தேங்காயை அடைத்தது. நான் கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து அழுத்தினேன். சிங்கத்தின் கண் திறந்தது. எல்லாம் நின்றது. மேலாளரின் கை என் கையை நோக்கி வந்தது.

“தொடாதீங்க சார்!” என்று கத்தினேன். பத்தொன்பது வருடத்தில் நான் அங்கே குரலை உயர்த்தியதில்லை. “யானை தும்மப் போகுது!”

அவர் கை அந்தரத்தில் நின்றது. ஒரு விநாடி. இரண்டு. அட்டை வர வேண்டிய நேரம் தாண்டியது, என் கட்டைவிரல் வெளுத்தது. மூன்று. அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பனைக்கார அக்கா பவுடர் பஞ்சைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். நாலு. எத்தனை வீட்டில் எத்தனை பேர் இப்படி நிற்கிறார்களோ என்று நினைத்தேன். எனக்குப் பயம் போய்விட்டது.

கண் மூடியது. பெருமூச்சு. தட்டிக்கொடுத்தல். தும்மல்.

அந்தப் பக்கம் அக்காவின் சிரிப்பு கண்ணாடியைத் தாண்டி வந்தது. மேலாளர் சிரிக்கவில்லை. ஆனால் பிடித்துவைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டார். கையைக் கீழே போட்டுவிட்டு வெளியேறினார்.

தண்ணீர் குடிக்கப் போன அண்ணன் திரும்பி வந்ததும் மூன்று தொலைபேசி அழைப்புகள். மூன்றும் படம் நின்றுபோனதற்கான புகார். ஒருவர் நின்ற படத்தைப் பார்த்து எரிச்சலாகி, தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் ஓங்கி ஓர் அடி வைத்திருக்கிறார். தான் அடித்த அடியில்தான் யானை தும்மியது என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். தூசில்லாத மேசையில் ஒரே ஒரு தாள், கிடங்குக்கு மாற்றல் உத்தரவு. இன்னும் கையெழுத்தாகவில்லை. பேனா மூடி திறந்திருந்தது.

“அந்தப் பிரதியை இனி அழிக்க முடியாது. அது எனக்கும் தெரியும்,” என்றார். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்னொரு தரம் இப்படிச் செய்வீங்களா? இல்லேன்னு சொன்னீங்கன்னா இதைக் கிழிச்சிடறேன்.”

கையைக் கட்டிக்கொண்டு, இமைக்காமல், அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனதுக்குள் ஃப்ரேம்களை எண்ணினேன். ஐம்பதில் அவர் நெற்றி சுருங்கியது. எண்பதில் அவருக்குப் புரிந்துவிட்டது. நூறில் அவருடைய உதட்டோரம் ஒருமுறை துடித்தது, அவர் அவசரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

நூற்றுப் பன்னிரண்டு.

“செய்வேன் சார்.”

அவர் கையெழுத்துப் போட்டார். நான் உத்தரவை வாங்கி மடித்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே சத்தமே இல்லை. இரண்டடி வைத்தேன், மூன்றடி வைத்தேன். அப்போதுதான் அந்த மனிதர் வெடித்துச் சிரிப்பது கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் கிடங்குக்கு நடந்தேன்.