மூன்றாம் வகுப்பில் குவாண்டம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், வரும் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில், மனிதகுலம் அறிவியலின் அடுத்த படியில் கால் வைக்கும். எட்டு வயதுக் குழந்தைகளுக்குக் குவாண்டம் இயற்பியல்! அறிவித்தவர் பள்ளி முதல்வர். ஒலிவாங்கி கையில் கிடைத்தால் லேசில் கீழே வைக்கமாட்டார் என்பதால் ஆசிரியர் அறையில் அவருக்கு ‘மைக்’ என்று பெயர். பாடம் நடத்த வேண்டியவள், ஆறு வருடமாகத் தற்காலிகமாகவே இருக்கும் கணக்கு மிஸ்.

“இது மட்டும் நல்லா போச்சுன்னா உங்களை பர்மனன்ட் பண்ணிடலாம்மா.”

“போகலேன்னா சார்?”

“போகலேன்னா நீங்க எதுக்கும்மா?”

குவாண்டம்தான் புரியவில்லை, இது நன்றாகப் புரிந்தது. வேலை போனால், அதே வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருக்கும் மகளுக்கும் இடம் போகும். ஆசிரியையின் பெண் என்ற சலுகையில் சேர்ந்தவள் அவள்.

ஒரு வாரம் புத்தகத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, கேட்கப்போகும் ஒரே கேள்விக்குப் பதிலை ஒரு தாளில் எழுதி வகுப்புக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்தாள். கூடவே ஒரு பழைய தொழில் ரகசியம்: பாடம் பார்க்க வரும் விருந்தினர் முன்னால் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. ஒரு துகள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கும் என்பதை அவள் நம்பவில்லை. ஆனால் ஒரு வகுப்பே தெரிந்தும் தெரியாமலும் இருப்பதை எத்தனையோ பள்ளி ஆய்வாளர்களுக்கு நடத்திக் காட்டியிருக்கிறாள்.

இந்தப் பிள்ளைகளுக்கு அந்த வித்தை புதுசு. அவர்களைப் பார்த்து நின்று, தன் வலது கையைத் தூக்கி, “தெரிஞ்சா இந்தக் கை” என்றாள். எதிரே இருந்தவர்கள் கண்ணாடி பார்ப்பதுபோல் இடது கையைத் தூக்கினார்கள். இருந்த பதற்றத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. கோட்டு போட்ட சிறப்பு விருந்தினர், பின்வரிசையில் பெற்றோர், விருந்தினர் நாற்காலிக்குப் பின்னால் முதல்வர் மைக். “துகள் எங்கே இருக்கு?” என்று கேட்டாள். வகுப்பு முழுக்கக் கை. முன்பெஞ்சில் ஒரு வலது கையைக் கூப்பிட்டாள்.

“தெரியாது மிஸ்.”

இன்னொரு வலது கை.

“எனக்கும் தெரியாது மிஸ். நான் சரியான கையைத்தானே தூக்கினேன்?”

பெற்றோர் சிரித்தார்கள். மைக் சிரிக்கவில்லை. அவள் கண் தானாக மகளிடம் போனது. எழுதிக் கொடுத்ததை ஒரு புள்ளி விடாமல் ஒப்பிக்கும் பெண், பெஞ்சை விட்டு எம்பி எம்பித் தூக்கிக்கொண்டிருந்தது இடது கையை. அப்போதுதான் உறைத்தது.

“நீ சொல்லும்மா.”

மகள் எழுந்தாள். ஒரே மூச்சு.

“பார்க்காத வரைக்கும் துகள் ரெண்டு இடத்திலயும் இருக்கும் பார்த்தா ஒரு இடத்துலதான் இருக்கும் இந்த இடத்தில் யோசிப்பது போல் சற்று நிற்கவும் பிறகு விருந்தினரைப் பார்த்துச் சிரிக்கவும்.”

சொன்னதோடு விடவில்லை. யோசிப்பதுபோல் நின்றாள். பிறகு, முன்பல் விழுந்த வாயோடு, விருந்தினர் நாற்காலியைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். அவர் ஏதோ அழைப்பு வந்து எப்போதோ வெளியே போயிருந்தார். அந்தச் சிரிப்பு, நாற்காலிக்குப் பின்னால் நின்ற முதல்வர் மேல் விழுந்தது.

திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் ஏழாம் வாய்ப்பாடு நடந்தது. நடத்தியது வேறு மிஸ். மூன்றாவது பெஞ்சில் ஒரு இடம் காலி.